ஒரு கிண்ணத்துக்கு நாலு மில்லிகிராம்

மில்லிகிராமை விருந்துக்கு அழைப்பவர்கள் முதல் வேலையாகச் சமையலறை அலமாரியைப் பூட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் கை கழுவப் போகிற சாக்கில் உள்ளே நுழைந்து, அங்கே இருக்கிற அட்டைப்பெட்டிகளை எல்லாம் திருப்பி, பின்பக்கத்தைச் சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

"அண்ணி, இதுல ஒரு கிண்ணத்துக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை! நார்ச்சத்து மருந்துக்கும் இல்லை. பிள்ளைங்களுக்கு இதையா குடுக்கிறீங்க?"

பிள்ளைகள் அத்தையை முறைப்பார்கள். அண்ணி அண்ணனை முறைப்பாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. கார்ன்ஃப்ளேக்ஸ் செய்கிற தொழிற்சாலையில் பரிசோதனைக்கூடம் அவள் பொறுப்பு. பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அச்சடித்த சத்தெல்லாம் உள்ளே நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேச்சுக்குப் பேச்சு மில்லிகிராம் என்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

வைட்டமின் சி கொஞ்சம் நோஞ்சான். சூடு பட்டால் ஓடிவிடும். அதனால் அதையும் அதன் கூட்டாளிகளையும் சுட்டு முடித்தபின் மேலே தெளிப்பார்கள். இரும்புச்சத்து அப்படியில்லை, எந்தச் சூட்டையும் தாங்கும். மைபோல அரைத்த இரும்புத்தூளைச் சோளமாவோடு முதலிலேயே கலந்துவிடலாம். ஒரு கிண்ணத்துக்கு நாலு மில்லிகிராம் வரவேண்டும். கலப்பவர் கலவை மாஸ்டர். அவர் மில்லிகிராமின் கணவர்.

தொழிற்சாலையில் அவர் கலப்பார், அவள் குறை கண்டுபிடிப்பாள். வீட்டில் அவள் சமைப்பாள், அவர் குறை கண்டுபிடிப்பார். குடும்பம் அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காந்தம் வருகிறவரை.

காந்தம் அவள் கேட்டு வாங்கியது. மாவு மாதிரியில் ஒரு தடவை நகக்கண் அளவுக்குக் கம்பித்துணுக்கு கிடைக்க, அதைச் சாமணத்தில் பிடித்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள். "குழந்தை தொண்டையில போனா யார் சார் பதில் சொல்றது?" மிரண்டுபோன மேனேஜர், கடையில் இருந்ததிலேயே பலமான காந்தத்தை வரவழைத்தார். கலவை இயந்திரத்துக்குக் கீழே, கலந்த மாவு சரிந்து விழுகிற குழாயில், அவளே பக்கத்தில் நின்று அதை மாட்ட வைத்தாள். இனி ஒரு துணுக்கு தப்பாது.

தப்பவும் இல்லை. துப்புரவு அக்கா துடைக்கும்போதெல்லாம் காந்தத்திலிருந்து கறுப்புத்தூள் கொத்துக்கொத்தாக வந்தது. "அடேயப்பா, இவ்வளவு அழுக்கையா இத்தனை காலம் தின்னோம்!" என்று அக்கா வாயில் கைவைத்தாள். மேனேஜர் அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மேசைமேல் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். மில்லிகிராம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

அந்த வாரமே இரும்பு குறைந்தது.

நாலு வர வேண்டிய இடத்தில் ஒன்றைத் தாண்டவில்லை. முதலில் கருவியைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் சோதனைக்கு ஊற்றுகிற அமிலத்தை. அப்புறம் தன்னையே. மறுபடி செய்தாலும் அதே ஒன்று. மிச்சமிருந்தது ஒரே ஆள். காலையில் பாலை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, இரும்புத்தூள் போட்டீங்களா?"

"போட்டேன்."

"எடை போட்டுப் போட்டீங்களா, கண்ணால பாத்தே போட்டீங்களா?"

"கண்ணால மட்டும் பாத்து நான் செஞ்ச ஒரே காரியம் உன்னைக் கட்டிக்கிட்டதுதான். மத்ததெல்லாம் எடை போட்டுத்தான்."

மேனேஜருக்கு இந்த நகைச்சுவை எடுபடவில்லை. இரும்பு குறைந்த சரக்கு முழுவதும் கிடங்கில் முடங்கிக் கிடந்தது. "இன்னொரு தடவை குறைஞ்சா மாஸ்டர் பெட்டி மடிக்கப் போகட்டும்" என்றார். கலவைக்காரரைப் பெட்டி மடிக்க அனுப்புவது, பாடகரைத் திரை இழுக்க அனுப்புகிற மாதிரி. இன்னொரு தடவையும் குறைந்தது. மில்லிகிராம் ரிப்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். மாஸ்டர் பெட்டி மடிக்கப் போனார்.

அன்று மாலை வீட்டில் அவர் கை சும்மா இருக்கவில்லை. துண்டைப் பெட்டிபோல மடித்தார். செய்தித்தாளைப் பெட்டிபோல மடித்தார். அவளுடைய கைப்பையையும் மடிக்கப் பார்த்தார்.

"போதும், நிறுத்துங்க!"

"தொழில் பழகுறேன் மேடம்."

வீட்டில் அவர் அவளை மேடம் என்றது அதுதான் முதல் தடவை. சுருக்கென்றது.

மறுநாள் வேறொருவர் கலந்தார். எடைபோடும்போது மில்லிகிராம் கண்கொத்திப் பாம்பாக நின்று பார்த்தாள். ஒரு சிட்டிகை குறையவில்லை. சோதித்தாள். ஒன்று!

தப்பு இவர்மேல் இல்லை என்றால், பாவம், மாஸ்டர்மேலும் இல்லை. அப்படியானால் போட்ட இரும்பு எங்கேதான் போகிறது? கேட்டுக்கொண்டே ரிப்போர்ட்டோடு மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். மேனேஜர் யாருக்கோ குப்பியை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, எங்க காந்தம் பிடிச்ச அழுக்கு!"

மில்லிகிராம் குப்பியைப் பார்த்தாள். குப்பிக்குள் கறுப்பாக, மைபோல நைசாக...

"சார், இதைக் கொஞ்சம் குடுங்க" என்று அவர் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

சோதனை முடிந்ததும் கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பின்னாலேயே வந்த மேனேஜர் பயந்துபோனார்.

"என்னம்மா, விஷமா?"

"சத்து சார்! அத்தனையும் இரும்புச்சத்து! மாஸ்டர் மேலே போடப்போட, கீழே நம்ம காந்தம் பிடிச்சு வெச்சுக்கிட்டே இருக்கு."

"அப்ப நான் ஊரெல்லாம் அழுக்குன்னு காட்டினது..."

"நம்ம பெட்டியில அச்சடிச்ச சரக்கைத்தான்."

காந்தத்தைக் கழற்றி, வெறும் மாவு இறங்குகிற மேல்குழாயில் மாட்டினார்கள். துணுக்கு இருந்தால் அங்கேயே மாட்டட்டும், இரும்புத்தூள் அதற்குப் பிறகு சேரட்டும். அடுத்த மாதிரியில் எண் நாலைத் தொட்டு, கொஞ்சம் தாண்டியும் நின்றது.

மில்லிகிராம் பெட்டிப் பகுதிக்கு ஓடினாள். அங்கே அட்டை வெட்டும் இயந்திரம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க! தப்பு உங்களோடது இல்ல!"

மாஸ்டர் காதைக் காட்டிக் கையை விரித்தார்.

"காந்தம்! காந்தம்தான் திருடன்!"

இன்னும் கிட்டே வா என்று சைகை காட்டினார். கிட்டே போய்க் கத்தினாள். அவர் சோகமாகத் தலையை ஆட்டினார். மூச்சை இழுத்துப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். சாப்பாட்டு நேரம் வந்து இயந்திரம் நின்றது அந்தக் கணத்தில்தான்.

"காந்தத்தைத் தப்பான இடத்துல மாட்டினவ நான்தான்! நீங்க ஒழுங்காத்தான் கலந்தீங்க!"

அவள் குரல் கூரையில் மோதித் திரும்பிவந்தது. பெட்டி மடித்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. துப்புரவு அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள்.

"முதல் தடவையே கேட்டுச்சு" என்றார் மாஸ்டர்.

"அப்புறம் எதுக்கு என் தொண்டையை வாங்கினீங்க?"

"அவருக்குக் கேக்கணும்ல?" மாஸ்டர் வாசலைக் காட்டினார். அங்கே காலிக் குப்பியும் கையுமாக மேனேஜர் நின்றிருந்தார்.

"கேட்டுச்சுய்யா, நல்லாவே கேட்டுச்சு. போ, போய் உன் மாவைப் பாரு."

மாஸ்டர், பாதி மடித்த பெட்டியை மனைவி கையில் கொடுத்தார். "இதை மட்டும் முடிச்சுடு, மேடம்" என்று சொல்லிவிட்டு, கலவை இயந்திரத்தை நோக்கி ஏறக்குறைய ஓடினார். மில்லிகிராம் அதை இப்படி மடித்தாள், அப்படி மடித்தாள். கடைசியில் மூன்று மூடியும், அடியில்லாத வயிறுமாக ஏதோ ஒன்று வந்தது. பெட்டிப் பகுதியே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.