அரண்மனையைக் கழற்றிய அக்கா

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அவர் கட்டிய மேடையைப் பார்த்து அழுதவர்கள். அவர் தங்கையான எனக்கு இரண்டு பாக்கியமும் கிடைத்தது.

மலேசியாவில் கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவுக்கு இழுப்பு நோய். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார்; அந்த உழைப்பில்தான் நான் படித்தேன். சாயங்காலமானால் தோட்டத்து இளைஞர் மன்றத்துக்கு மேடை கட்டப் போய்விடுவார். "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேல?" என்று கேட்டவர்களிடம், "ஆம்பள அடிச்சாத்தான் ஆணி எறங்குமா?" என்று கேட்பார்.

அந்த நாளில் நாடகத்துக்கு ஈப்போவிலிருந்து வாடகைத் திரைகள் வரும். அரண்மனை, நந்தவனம், தெரு, அவ்வளவுதான். கஞ்சிக்கு வழியில்லாத குடும்பம்கூட அரண்மனைத் தூணுக்கு முன்னால் நின்றுதான் அழும். ஜனங்களும் திரை பளபளவென்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில், எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போவதாகப் பேச்சு வந்தது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு குடும்பத்தின் கதையை மன்றத்தார் நாடகமாக்கினார்கள். ஈப்போவில் ஒரு போட்டிக்கும் அது தேர்வானது. மன்றத் தலைவர், பின்னாளில் எங்கள் அத்தான், வழக்கம்போல அரண்மனைத் திரைக்குச் சொல்லி அனுப்பினார். அக்காவுக்கு வந்ததே கோபம்!

"வீடு போகுதுன்னு அழுவுற கதைக்கு அரண்மனையா? யாரு நம்புவா லா? வீட்ட நான் கட்டுறேன்."

"கட்டு. சொதப்புச்சுன்னா அப்புறம் மேடப் பக்கமே வரக்கூடாது."

"வரல, போங்க."

தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் கேட்டு, கழித்துப் போட்ட ரப்பர் ஷீட்டுகளை வாங்கி வந்தார். பாலை உறையவைத்துத் தகடாக்கி, புகை போட்டுக் காயவைத்த ஷீட்டுகள். அவற்றைக் கம்பியில் சுவர்போல வரிசையாகத் தொங்கவிட்டு, பின்னால் விளக்கு வைத்தார். மேடை முழுக்கத் தேன் நிறம். முதல் காட்சியில் முழு வீடும் ஒளிரும். காட்சிக்குக் காட்சி ஷீட்டுகளைக் கழற்றக் கழற்ற, பின்னாலிருக்கும் கறுப்புத் துணி தெரியும். கடைசியில் மேடையே இருட்டாக வேண்டும் என்பது ஏற்பாடு.

அரங்கத்தில்தான் வினை வந்தது. விளக்குச் சூட்டில் ஷீட்டுகள் நாற ஆரம்பித்தன. புகை நாற்றமும் பால் நாற்றமும் சேர்ந்து கூடம் முழுக்கப் பரவியது. ஒத்திகையில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பிறந்ததிலிருந்து அது எங்கள் தலைமுடியிலேயே இருந்தது!

முன்வரிசைப் பிரமுகர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்கள். அரங்கக் காவலர் விளக்கை அணைக்க ஓடினாராம். "தீயில்ல அண்ணே, நம்ம ஷீட்டுதான். என் மானமே இதுலதான் இருக்கு, கொஞ்சம் பொறுங்க," என்று அக்கா சுவிட்சை மறைத்து நின்றதை அத்தான் பிறகு சொன்னார். நான் கூடத்தில் இருந்தேன்.

என் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா. தோட்டத்திலிருந்து ஈப்போ சிலிபினில் குடியேறிவிட்டவர். மூச்சை இழுத்தார். "ஐயோ, எங்கப்பா சட்ட வாசன லா இது!" என்று விம்மினார். பின்வரிசைகளில் ஒவ்வொருவராக அழத் தொடங்கினார்கள். கைக்குட்டைகள் மூக்கிலிருந்து கண்ணுக்கு ஏறின.

கடைசிக் காட்சி. ஒரே ஒரு ஷீட்டு மிச்சம். அதையும் கழற்ற நடிகர் கை நீட்டியபோது, "எடுக்காதீங்கப்பா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். நடிகர் திகைத்து உள்ளே பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார்: வேண்டாம். அந்த ஒற்றைச் சுவர் ஒளிர்ந்துகொண்டே இருக்க, திரை விழுந்தது.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. வணங்க வருவது நடிகர்கள் மட்டும் என்பது வழக்கம். அன்று ஜனங்கள் விடவில்லை. "வீட்டக் கட்டுனது யாரு?" என்று கத்தினார்கள். கரி படிந்த கையோடு அக்கா வந்தார். கும்பிடக்கூடத் தோன்றாமல், இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றார். முதல் பரிசு எங்களுக்கு!

பிறகு தோட்டம் கைமாறியது. சிலிபினுக்கு வந்தோம். அக்கா பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் மேடை என்று பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றினார். அத்தான் அதற்கப்புறம் அரண்மனை என்ற சொல்லையே எடுக்கவில்லை, பாவம்.

நோயில் படுத்தபோதும் அக்கா அக்காதான். "இந்த வெள்ள லைட்டுல யாரப் பாத்தாலும் செத்த மாதிரி இருக்கு. அந்த ஜன்னலத் தொறடி," என்றார். திறந்தேன். சாயங்கால வெயில் கட்டில்மேல் விழுந்தது. "ஹாங், இப்ப சரி," என்றார். மறுநாள் போய்விட்டார். என் அக்காவைப்போல் ஒருத்தி இனி எனக்கு ஏது?

கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சோறாக்கிக் கொண்டுவந்த சிலிபின் அண்டை வீட்டாருக்கும், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஓடிவந்த சொந்தங்களுக்கும், பந்தல் போட்ட மன்றத்து அண்ணன்மாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த மலரின் அட்டைக்கு அச்சகத்துத் தம்பி மேகமும் தூண்களும் போட்ட படத்தைக் காட்டினார். "அரண்மன வேணாம் தம்பி," என்றார் அத்தான். அதனால்தான் மேலே இந்தத் தேன் நிறக் கண்ணாடித்தாள். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அந்தக் கடைசிச் சுவரை இன்னும் யாரும் கழற்றவில்லை.