புகையில்லாத வண்டியும் பீலித் தண்ணீரும்

சாரதி வேலையில் எந்த வண்டியையும் பழக்கிவிடலாம், முதலாளியின் ஆசையைப் பழக்குவதுதான் கஷ்டம். பெரியவர்களின் புதுப்புது ஆசைகளுக்கெல்லாம் ஸ்டீயரிங் பிடித்து நொந்துபோன என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சண்டை நின்று சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச காலத்தில், எல்கடுவ மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து 'இயற்கை விடுதி' ஆக்கியது. வெள்ளைக்காரர்கள் மலை பார்க்க வந்தார்கள். அவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட ஒரு பெட்டரி வண்டியும் வந்தது. எங்கோ கோல்ஃப் மைதானத்தில் ஓடிக் களைத்த வண்டி; கூரை உண்டு, கதவு கிடையாது. அதற்கு நான் சாரதி.

அதற்குச் சார்ஜ் ஏற்றும் கொட்டகையைப் பங்களாவுக்குக் கீழே, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மேலே கட்டினார்கள். கொட்டகைக்குச் சற்றுக் கீழேதான் எங்கள் ஊற்று. அதிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீரைத்தான் லயத்துச் சனம் முழுக்கக் குடிக்கிறது. என் வீட்டுக் குடமும் அங்கேதான் நிறைகிறது. வேறு இடம் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, அங்கே கட்டினால்தான் பங்களாவிலிருந்து பார்க்கும் காட்சி கெடாது என்று பதில் வந்தது.

சாமிக்கும் கேட்கவில்லை

எங்கள் தோட்டத்தில் புது வண்டி வந்தால் மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, சந்தனம் பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். இன்ஜின் உறுமும்போது பூசாரி மணியடித்துக் கற்பூரம் காட்டுவார். பிறகுதான் வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும். லொறி, டிராக்டர், ஜீப் எல்லாம் இப்படித்தான் தீட்சை பெற்றன.

பூசாரி தட்டை ஏந்திக்கொண்டு உறுமலுக்குக் காத்திருந்தார். நான் மெதுவாகத்தான் மிதித்தேன். கற்பூரம் கொளுத்துவதற்கு முன்பே பழம் சப்பென்று நசுங்கி, வண்டி அவர் வேட்டியை உரசிக்கொண்டு நின்றது. விடுதி மெனேஜர் கொழும்புத் தமிழர். சுற்றுச்சூழல் என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். அன்றும் கண்ணை மூடிக்கொண்டு, புகையுமில்லை சத்தமுமில்லை, இனி இந்த மலை மூச்சுவிடும் என்று பேசினார். பூசாரி வேட்டியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "வண்டிக்கு உசுரு வந்திச்சா வரலையானு சாமிக்கே தெரியலையேப்பா."

முதுகில் கண் இல்லாதவர்கள்

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி நடக்கிற பெண்கள் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் வரும் வண்டிக்குக் காதால்தான் ஒதுங்குவார்கள். தோட்டத்து ஜீப் வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே பாதை காலியாகிவிடும். என் வண்டி காற்று மாதிரி வரும். ஹோர்ன் அடிக்கலாம்தான். ஆனால் ஹோர்ன் ஒலி மாசு, குருவிகள் பயப்படும் என்று மெனேஜர் அதன் வயரையே கழற்றிவிட்டார். குருவிகளுக்கு இருந்த மரியாதை கொழுந்து எடுப்பவர்களுக்கு இருக்கவில்லை.

நான் இருமிப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன். ஒருநாள் இருமல் கொஞ்சம் தாமதமாகி, ராசம்மா அக்காவை வண்டி லேசாக இடித்துவிட்டது. கூடை கவிழ்ந்து கொழுந்தெல்லாம் பாதையில். நான் குதித்து இறங்கினேன். பின் சீட்டில் இருந்த மெனேஜர் இறங்கி, நல்லவேளை இது டீசல் வண்டியில்லை என்று ஆறுதல் சொன்னார். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, பொகையில்லாம இடிச்சாலும் இடுப்பு வலிக்கத்தாங்க செய்யுது."

புகை போன இடம்

வண்டிக்குக் கரண்ட் வேண்டும். எங்கள் மலைக்குக் கரண்ட் வந்தால் வரும், காற்றடித்தால் போகும். அதனால் ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். விருந்தாளிகளின் காதில் படக்கூடாது என்று அதைக் கொட்டகைக்குப் பின்னால், லயத்தைப் பார்த்தபடி வைத்தார்கள். அது குடித்த டீசலில் பழைய ஜீப் ஊரைச் சுற்றி வந்திருக்கும். காயப்போட்ட துணியில் கரி படிந்தது. கீழே என்ன சத்தம் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா கேட்டபோது, அது தேயிலைத் தொழிற்சாலை என்று மெனேஜர் சொல்லிவிட்டார். தொழிற்சாலை இருப்பது மலைக்கு அந்தப் பக்கம்.

என் மனைவியின் அண்ணன் முத்தையா லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டில் இருக்கிறான். புகையில்லாத வண்டியைப் பற்றி நான் அளந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டவன், வாசலில் நின்று இருமிவிட்டுச் சொன்னான்: "பொக இல்லாம எங்க போச்சு மச்சான்? மேல இருந்தது கீழ வந்திருச்சு, அவ்வளவுதான்."

நல்லதையும் சொல்லிவிடுகிறேன்

பழைய ஜீப்பும் உத்தமன் இல்லை. ஒழுகிய எண்ணெய் மழையோடு ஓடைக்குத்தான் போனது. அந்தப் புகையில் கர்ப்பிணிகள் வாந்தியெடுக்காமல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததில்லை. பெட்டரி வண்டி வந்த பிறகு பாதையோரத்தில் குரங்குகள் ஓடாமல் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ஒரு காலையில் சருகுமான் ஒன்று வண்டிக்கு முன்னால் நின்று நிதானமாக யோசித்துவிட்டுப் போனது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

எங்கள் லயத்துச் சிவலிங்கத்தின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோது ஜீப் பழுது. மெனேஜரிடம் கெஞ்சி இந்த வண்டியில்தான் கொண்டுபோனேன். குலுக்கலில்லாமல் இறங்கிப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை சுகமாகப் பிறந்தது. திரும்பி ஏறும்போது பாதி மலையில் பெட்டரி படுத்துவிட்டது. அப்பனான சந்தோஷத்தில் இருந்த சிவலிங்கமும் நானும் வழியில் கிடைத்த ஆட்களும் தள்ளிக்கொண்டே வந்தோம். மூச்சு வாங்க அவன் சொன்னான்: "எறங்குறப்ப அது நம்மள சொமந்திச்சு, ஏறுறப்ப நாம அத சொமக்குறோம். நாயந்தானேண்ணே."

செத்தவற்றின் அடக்கம்

மைதானத்துக்குச் செய்த பெட்டரி மலையேறினால் என்ன ஆகும்? ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. புதியவை வந்தன. பழையவற்றைக் கொட்டகைக்குப் பின்னால், ஊற்றுக்கு நேர் மேலே அடுக்கினார்கள். ஒன்று வெடித்து அசிட் கசிந்தது. அதைச் சுற்றிப் புல் கருகியது. கருகல் ஊற்றுப் பக்கமாக இறங்குவதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்காகத் தூக்கமில்லை. மழைக்காலம் வேறு நெருங்கியது. என் மனைவி பார்வதி பீலியை விட்டுவிட்டு தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்கு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்தாள். எல்லோராலும் அப்படி நடக்க முடியாது.

மெனேஜரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். மறுநாள் பெட்டரிகளுக்கு முன்னால் பூச்சட்டிகள் வந்தன, இயற்கையைப் பாதுகாப்போம் என்று ஒரு பலகையும் வந்தது. நான் இன்னும் நிற்பதைப் பார்த்துச் சொன்னார்: "கணேசன், விருந்தாளி கண்ணுல படாம இருந்தா சரி."

சோதனைச் சாவடி

அதற்குள் சமாதானம் போய்ச் சண்டை திரும்பவும் வந்துவிட்டது. பழைய பெட்டரி வாங்கும் முஸ்லிம் நானா ஒருவர் மாத்தளை டவுனில் இருந்தார். ஈயத்தை உருக்கக் கொழும்புக்கு அனுப்புகிறவர். கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நானும் முத்தையாவும் ஒரு வேனைப் பேசி எல்லாவற்றையும் ஏற்றினோம். தமிழ்ப் பெயருள்ள இரண்டு பேர், வேன் நிறையப் பெட்டரி, மூலையில் ஒரு சுருள் வயர். அந்த வருடங்களில் இதைவிடப் புத்திசாலித்தனமான பயணம் யாரும் போயிருக்க முடியாது.

குண்டு செய்யவோ என்று ராணுவச் சாவடியில் எங்களை இறக்கினார்கள். வெயிலில் நின்று, பெற்றோல் இல்லாமல் ஓடும் வண்டியின் பெருமையைச் சிங்களத்தில் விளக்கினேன். கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, விடுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் விடுகிறேன் என்றார். போன் போட்டார்கள். அப்படியொரு கடிதம் கொடுத்தால் விடுதியில் கழிவு இருப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று மெனேஜர் மறுத்துவிட்டார். பெட்டரிகளோடு வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார்கள். ஏறும்போது காவலுக்கு நின்ற சிப்பாய் சந்தேகம் தீராமல் கேட்டான், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "சூழலைக் காப்பாத்துற வண்டியோட பெட்டரிய டீசல் வேன்லயா கொண்டு போற?"

புதிய இடம்

மேலே வந்ததும் முத்தையா, இதைத் திரும்பவும் ஊற்றுத் தலையில் வைத்தால் நாமே நம் சனத்துக்கு விஷம் வைத்தது போல என்றான். மெனேஜர் அன்று பிற்பகல் கொழும்புக்குப் போயிருந்தார். வேனை நேரே பங்களாவுக்கு விட்டேன். விருந்தாளிகள் தேநீர் குடிக்கும் புல்தரை ஓரத்தில் பங்களாவின் குடிதண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் பக்கத்துச் சிமெந்துத் தரையில் ஒரு சொட்டும் ஒழுகாதபடி, வெடித்ததை ஒரு பிளாஸ்டிக் பேசினில் வைத்து, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினோம். இயற்கையைப் பாதுகாப்போம் பலகையையும் கொண்டுவந்து நட்டோம். வேலை போகும் என்று தெரியும். பார்வதியிடம் சொன்னேன்; போனால் போகட்டும் என்றாள்.

மறுநாள் காலைத் தேநீருக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தேநீரைக் குடிக்கவில்லை. மெனேஜர் பறந்து வந்தார். அடுத்த நாளே கடிதம் வந்தது, கம்பெனி லொறி வந்தது, சாவடி திறந்தது, பெட்டரிகள் கொழும்புக்குப் போயின. பிறகு மெனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போடாமல், உண்மையான வேதனையோடு கேட்டார்: "ஏன் கணேசன், மனுசர் தண்ணி குடிக்கிற எடம்னு உனக்குத் தெரியாதா?"

புகையில்லாத வண்டியைப் பற்றி இன்றைக்கு யார் கண்ணை மூடிக்கொண்டு பேசினாலும், செத்த பெட்டரியை யாருடைய தண்ணீருக்கு மேலே அடுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் வண்டியில் ஏறுவேன்.