வேலியில் கட்டிய கறுப்புத் துணி

யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஓர் உதைபந்தாட்டப் போட்டியை ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒழித்துக்கட்டிய பெருமை என்னுடையது. போரும் அகதி வாழ்வும் செய்ய முடியாததை ஒரு நிர்வாகக் குழுவை வைத்துக்கொண்டு சில ஆண்டுகளில் செய்து முடித்தேன்.

ஒரு பக்கம் நான் படித்த கல்லூரி. மறுபக்கம் என் மனைவியின் தம்பி, அதாவது மச்சான், படித்த கல்லூரி. இரண்டு பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்து கோடையில் ஒரு சனிக்கிழமை நகரசபை மைதானம் ஒன்றை வாடகைக்கு எடுக்கும். அனுமதி இலவசம். ஒருவர் வாளியோடு சுற்றி வருவார், விரும்பியவர்கள் சில்லறை போடுவார்கள். கார்களின் பின்கதவுகள் திறந்திருக்கும். உள்ளே ரோல்சும் தேநீர்ப் போத்தல்களும். மச்சான் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தான். வேறெதற்கும் லீவு கேட்காதவன் அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் கேட்பான். வந்து எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பான்.

“அண்ணை, பந்து போனாப்பிறகு ஏன் கஷ்டப்பட்டுப் பாயிறியள்? சும்மா நில்லுங்கோ, உடுப்பாவது ஊத்தைப்படாது,” என்பான் எங்கள் தொந்தி வைத்த கோல் காப்பாளரிடம். காப்பாளரே சிரித்துவிடுவார். பாதிக் கூட்டம் ஆட்டத்தைப் பார்க்க வந்தது, மீதி மச்சானைக் கேட்க வந்தது.

பிறகு நான் போட்டி நிர்வாகக் குழுவின் தலைவரானேன். படித்தவன் தலைவரானால் முதலில் தரத்தை உயர்த்துவான். நுழைவுச்சீட்டு அச்சடித்தோம், ஐந்து மார்க். மார்க் போய், ஏறக்குறைய இரண்டு மார்க் பெறுமதியான யூரோ வந்தபோது ஐந்து யூரோ ஆக்கினோம். எண் மாறாததால் விலையை உயர்த்தவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். யாரும் கைதட்டாதது எனக்கு வியப்பாக இருந்தது.

தரத்துக்குச் செலவு உண்டு. லண்டனிலிருந்து பிரதம விருந்தினர் விமானத்தில் வந்தார். எந்த நிற உடுப்பு எந்தக் கல்லூரி என்று இடைவேளையில் என்னிடம் கேட்டார். தூக்க இரண்டு பேர் தேவைப்படும் வெற்றிக்கிண்ணம் வந்தது. முழுப்பக்கத்தில் என் படம் போட்ட மலர் வந்தது. வீட்டுச் சாப்பாட்டைத் தடை செய்து, உணவுக் கடையை ஒப்பந்தத்துக்குக் கொடுத்தோம். செலவு கூடியதால் சீட்டின் விலையைக் கூட்டினோம், விலை கூடியதால் கூட்டம் குறைந்தது, கூட்டம் குறைந்ததால் விலையை மறுபடி கூட்டினோம். வந்தவர்கள் வராதவர்களுக்கும் சேர்த்துக் கட்டினார்கள்.

மச்சானுக்கு மூன்று பிள்ளைகள். ஓர் ஆண்டு அவன் குடும்பத்தோடு வந்து, வாசலில் விலையைப் பார்த்துவிட்டு, மைதானத்தைச் சுற்றிப் போகும் நடைபாதைக்குப் போனான். கம்பி வேலிக்கு வெளியே நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தான். அடுத்த ஆண்டு உள்ளே இருந்தவர்களைவிட வெளியே நின்றவர்கள் அதிகம். உட்கார மடக்குக் கதிரை, தேநீர், ரோல்ஸ் எல்லாம் வெளியேதான். சிரிப்பும் அங்கிருந்துதான் வந்தது.

“வெளியில நிக்கிறதும் எங்கட ஆக்கள்தானே, விடுங்கோ,” என்றார் பொருளாளர்.

“அப்ப உள்ள இருக்கிறவை மடையரோ?” என்று கேட்டேன். தோட்டச் சாமான் கடையில் கறுப்புத் துணி வாங்கி, வேலி நெடுகக் கட்டுவித்தேன். துணியின் செலவையும் சீட்டில் சேர்த்தோம்.

அந்த ஆண்டு ஆட்டத்தில் முதல் கோல் விழுந்ததும் துணிக்குப் பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது.

“அத்தான், ஆர் அடிச்சது?”

“உள்ள வந்து பார்.”

“எங்கட ஆள் எண்டா கைதட்டுவம், உங்கட ஆள் எண்டா தேத்தண்ணி குடிப்பம். அதுக்குத்தான் கேக்கிறன்.”

வெளியே பெரிய சிரிப்பு. இடைவேளைக்குப் பிறகு சத்தம் குறைந்துகொண்டே போனது. துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். நாயோடு நடந்துபோன ஒரு ஜேர்மன் மூதாட்டி வணக்கம் சொன்னார். வேறு யாரும் இல்லை. அந்த நேரத்தில் எனக்குள் எழுந்தது வென்றுவிட்ட மகிழ்ச்சி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அடுத்த ஆண்டு பிரதம விருந்தினர் வெறும் கதிரைகளுக்கு உரையாற்றினார். ஆட்டக்காரர்களும் உற்சாகம் இழந்தார்கள். ஆளில்லாத மைதானத்தில் தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓட யாருக்கு மனம் வரும்? இப்படியே போனால் ஆட்டமே நின்றுவிடும் என்று பயந்து, மனைவி சொன்னபடி மச்சான் வீட்டுக்குப் போனேன். அவன் வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“துணியைக் கழட்டுங்கோ அத்தான். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

இலவசமாக உள்ளே விடச் சொல்லி அவன் கேட்கவில்லை. வெளியே நிற்கத்தான் அனுமதி கேட்டான்.

“கமிட்டியில கேக்கவேணும்,” என்றேன்.

“கமிட்டி எண்டா நீங்கள்தானே.”

“அப்பிடிச் சொல்ல ஏலாது.”

அவன் பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளினான். ஓம், சரி என்று ஒரு சொல் போதுமாயிருந்தது. ஆனால் துணியைக் கழற்றினால் கட்டியது பிழை என்றாகிவிடும். தலைவர் பிழை விடலாமா? அந்தக் கோடையில் பதினொரு பேர் கொண்ட அணி இரண்டு பக்கமும் சேரவில்லை. போட்டி நின்றது. இளைய தலைமுறையின் ஆர்வமின்மையே காரணம் என்று ஆண்டறிக்கையில் எழுதினேன். நல்ல தமிழில் எழுதியிருந்ததாகப் பாராட்டினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து மச்சானின் கடைசி மகள், அவர்கள் பகுதியின் ஜேர்மன் கழகத்துக்காக அதே மைதானத்தில் ஆடினாள். மனைவி உள்ளே போனாள். நான் நடைபாதையில் நின்றேன். கம்பியில் அங்கங்கே எங்கள் துணியைக் கட்டிய பிளாஸ்ரிக் முடிச்சுகள் இன்னும் இருந்தன. உள்ளே திடீரென்று ஆரவாரம் எழுந்தது. ஒரு நாய் குறுக்கே வந்ததால் கோல் விழுந்ததை நான் தவறவிட்டேன்.

மச்சான் என்னைக் கண்டுவிட்டு வேலியோரம் வந்தான். “உள்ள வாங்கோ அத்தான். இஞ்ச காசில்லை.”

“ஆர் அடிச்சது?” என்று கேட்டேன். பழையபடி ஏதாவது குத்திச் சொல்லுவான் என்ற ஆசையில்தான் அதே சொற்களில் கேட்டேன்.

“மகள்தான், அத்தான்,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிப் போனான்.