இடப்பக்கம் திருப்பினால்

மாஸ்டரின் மோட்டார் சைக்கிள், மெக்கானிக்கின் பட்டறையில் ஆறு வாரமாகச் சுவரில் சாய்ந்து நின்றது. முன் மட்கார்டு வளைந்து டயரைக் கடித்துக்கொண்டிருந்தது. முகப்பு விளக்கின் கண்ணாடி போய்விட்டிருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மெக்கானிக்கின் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஒருநாள் பழைய சாக்கு ஒன்றை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார். மறுநாளிலிருந்து சாக்கு கண்ணில் பட்டது.

மாஸ்டர் மெக்கானிக்கின் தங்கையின் கணவர். கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். பாதி நேரம் அதைத் தொடமாட்டார். சுண்ணக்கட்டியால் ஒரே இழுப்பு, கத்திரியால் ஒரே ஓட்டம். வண்டி அவரைவிட நாலு வயது மூத்தது. அதைச் செய்த கம்பெனி மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. எந்தச் சாமானும் கடையில் கிடைக்காது. மெக்கானிக்தான் ஒவ்வொன்றாகச் செய்து போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டி ஓடுவதில் இரண்டு பேருக்கும் சம பங்கு உண்டென்று மாஸ்டர் சொல்வார். கீழே விழுந்ததில் மட்டும் தனக்கே முழுப் பங்கு என்று எடுத்துக்கொண்டார்.

விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலை. சந்திலிருந்து பெரிய தெருவுக்கு இடப்பக்கம் ஒடித்துத் திருப்பியிருக்கிறார். தினமும் திரும்புகிற திருப்பம்; பட்டறையிலிருந்து முந்தின ராத்திரிதான் வந்த வண்டி. வண்டி திடீரென்று சீறிப் பாய்ந்து மருந்துக்கடைப் படியில் போய் மோதியது. கணுக்காலில் விரிசல். ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டு போட்டுக் கிடந்தவர் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆக்ஸிலேட்டர நான் திருகல மச்சான். கை அதுவாத் திருகிடுச்சு."

மெக்கானிக் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார். "நாப்பத்தெட்டு வயசுலயே கை தன்னிஷ்டத்துக்குப் போக ஆரம்பிச்சாச்சா மாப்ள. எங்க தங்கச்சி பாடு திண்டாட்டம்தான்." பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். கையை மட்டும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மாஸ்டர் கடைக்குப் போனார். பள்ளிச் சீருடைத் துணி எட்டு மடிப்பாக மேஜையில் விரித்துக் கிடந்தது. கோடு போட்டார். கத்திரியை எடுத்தார். அரைமணி நேரம் அப்படியே நின்றார் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். கடைசியில் வெட்டியபோது கத்திரி கோட்டைவிட்டு ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. எட்டுச் சட்டைக்கும் கை நீளம் குறைந்தது. மாஸ்டர் கத்திரியை மேஜையில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தார். டாக்டர் மூட்டுகளைத் தட்டிப் பார்த்தார், கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார், நரம்பில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதை மாஸ்டர் நம்பவில்லை. அதன்பின் தண்ணீர் டம்ளரைக்கூட இடது கையால்தான் எடுத்தார்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை தங்கை பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வண்டியை யாருக்காவது தள்ளிவிடச் சொன்னாள். மட்கார்டையாவது நிமிர்த்த வேண்டும், இப்படியே கொடுத்தால் பழைய இரும்புக்காரன்தான் வாங்குவான் என்றார் அவர்.

"அவனுக்கே குடு அண்ணே. அது இருக்குற வரைக்கும் இவரு கையப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருப்பாரு."

அவள் போனதும் மெக்கானிக் சாக்கை எடுத்தார்.

தெருவில் அவருக்கு ஸ்டெத் என்று பேர். நீளமான திருப்புளியின் முனையை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளர்கள் போனில் கூப்பிட்டு, போனை என்ஜின் பக்கம் நீட்டுவார்கள். இந்த முனையிலிருந்தே நோயைச் சொல்லுவார். ஆக்ஸிலேட்டர் கேபிள் மாட்டினால் எல்லா மெக்கானிக்கும் விரலால் தொட்டுப் பார்ப்பான்: ஆக்ஸிலேட்டர் பிடியில் கொஞ்சம் ப்ளே இருக்க வேண்டும், ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அந்தத் தளர்ச்சி போய்விடக் கூடாது. இவர் தொட மாட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்புவார். கேபிள் இழுபட்டால் என்ஜின் குரல் ஏறும். ஏறவில்லையென்றால் வேலை முடிந்தது. விரல் பொய் சொல்லும், என்ஜின் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

ஒரு வருடமாக அவருடைய வலது காதுக்குள்ளேயே ஒரு என்ஜின் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கும்போதும் அணையாது. இடது காதும் மெல்ல அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. போனில் கூப்பிடுகிறவர்களிடம், எதற்கும் ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லப் பழகியிருந்தார். கூப்பிட்டால் பதில் வருவதில்லை என்று மனைவிக்குத் தெரியும். அது கல்யாணமான நாளிலிருந்து உள்ளதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

மட்கார்டை நிமிர்த்தும் முன், மோதியதில் டேங்குக்கு அடியில் ஃபிரேம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க டேங்கைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினார். தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்கக் கார்பரேட்டரின் வாயில் மாட்டியிருந்த ரப்பர் குழாயையும் உருவினார். உள்ளே ஸ்லைடு தெரிந்தது. பிடியைத் திருகினால் கேபிள் இழுத்து மேலே எழும்பும் சின்ன உருளை. அது எழும்பினால் என்ஜின் சீறும். சக்கரத்தைப் பார்க்க வசதியாக ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தார். முழுக்க ஒடிந்து நிற்கும் இடத்தில், பிடியை யாரும் தொடாமலே, ஸ்லைடு ஒரு நாணயத்தின் கனத்துக்கு எழும்பியது.

ஹேண்டிலை நேராக்கினார். ஸ்லைடு இறங்கியது. மறுபடி இடப்பக்கம். எழும்பியது. எத்தனை தடவை அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது.

கேபிள் அவர் செய்தது. விபத்துக்கு மூன்று நாள் முன்னால், உள்கம்பியை வெட்டி, முனை இழைகளைப் பூப்போல விரித்து, ஈயக்குமிழ் பற்றவைத்து, பழைய கேபிளை அருகில் வைத்து அளவு பார்த்துச் செய்தது. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. ஆனால் போன வருடம் முதுகுவலிக்காக மாஸ்டர் ஹேண்டிலை இரண்டு விரல் உயர்த்தச் சொன்னார். உயர்த்தியதும் கேபிள் எட்டவில்லை என்று, அதை டேங்குக்கு அடியில் இருக்கும் கிளிப்பிலிருந்து எடுத்து வெளிப்பக்கமாகக் குறுக்கே கொண்டுபோனதும் இதே மெக்கானிக்தான். புதிதைப் போடும்போது, வண்டி பிறந்தபோது இருந்த வழிதான் முறையான வழி என்று, கிளிப்பைத் துடைத்து அதில் அழகாக மாட்டினார். அளவு சரி. வழியும் பார்க்கச் சரி. உயர்த்திய ஹேண்டிலுக்கு அந்தச் சுற்று வழியில் இந்த அளவு எட்டாது; இரண்டும் சேர்ந்து தப்பு. பிறகு வழக்கம்போல ஸ்டார்ட் செய்து ஹேண்டிலைத் திருப்பினார். குரல் ஏறியிருக்கும். காதுக்குள் ஓடிய என்ஜின் ஏறவில்லை.

கேபிள் போட்ட அன்று பக்கத்து வெல்டிங் கடையில் கிரைண்டர் ஓடியிருக்கும், அதில் கேட்காமல் போயிருக்கும் என்று மத்தியானம் வரை நினைத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, அது வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. வெல்டிங் கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தெருவே அமைதியாக இருந்திருக்கும்.

கேபிளை வெளிப்பக்கமாக மாற்ற அரைமணி நேரம் போதும். மாற்றிவிட்டு விற்றுவிட்டால் யாருக்கும் தெரியாது. செவ்வாய் சாயங்காலம் ஸ்பானரைக் கையில் எடுத்துத் திரும்பக் கீழே வைத்தார். புதன்கிழமை ஒருவர் போன் செய்து, தன் வண்டிச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். மெக்கானிக் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். "என்ன ஸ்டெத்து, இப்பல்லாம் நேர்லதான் நாடி பாப்பீங்களா" என்று அவர் சிரித்தது மட்டும் தெளிவாகக் கேட்டது. காது போய்விட்டது என்று தெரிந்தால் தெருவில் எவன் வண்டியை விடுவான். அன்றும் ஸ்பானரை எடுத்து வைத்தார். மாற்றவும் இல்லை, சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை சாப்பாடு போடும்போது மனைவி சொன்னாள். மாஸ்டர் தன் கத்திரியை உறையோடு கடைக்கு அனுப்பிவிட்டாராம். இனித் தனக்கு வேண்டாமாம், புதிதாக வந்திருக்கும் கட்டிங்காரப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னாராம். அந்தக் கத்திரியை அவர் வீட்டில் ஒருவரையும் தொடவிட்டதில்லை.

"உங்க தங்கச்சி போன்ல அழுதா. நான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தீங்க."

வெள்ளிக்கிழமை பட்டறையைத் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை மட்கார்டை நிமிர்த்தி, ரப்பர் குழாயையும் டேங்கையும் திருப்பி மாட்டினார். கேபிளைத் தொடவில்லை. ஸ்பானர்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியை ஓட்டாமல் நாலு தெரு தள்ளிக்கொண்டே போனார். பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று வழியில் இரண்டு பேர் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் வாயசைவுக்குத் தலையாட்டிவிட்டு நடந்தார்.

மாஸ்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"மாப்ள, ஒரு நிமிஷம் நில்லு. நீ ஒண்ணும் தொட வேணாம்."

சென்டர் ஸ்டாண்ட் போட்டார். மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. பிடியிலிருந்து கையை எடுத்து இரண்டு கையையும் மாஸ்டருக்கு விரித்துக் காட்டினார். பிறகு முன் சக்கரத்தைப் பிடித்து இடப்பக்கம் ஒடித்தார்.

என்ஜின் சீறியதை அவர் மாஸ்டரின் முகத்தில்தான் பார்த்தார். தங்கை சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"இன்னொரு தடவை," என்றார் மாஸ்டர்.

மூன்று தடவை காட்டினார். மூன்றாம் தடவை மாஸ்டரே வந்து சக்கரத்தை ஒடித்தார். பிறகு வண்டியை அணைத்துவிட்டு, வலது கையை விரித்தார், மூடினார், விரித்தார்.

மெக்கானிக் சொன்னார். "கேபிள் இழுக்குது. நான் போட்டது. போட்ட அன்னிக்குச் சத்தம் ஏறியிருக்கும். எனக்குக் கேக்கல மாப்ள. ஒரு வருஷமாக் கேக்கல."

மாஸ்டர் வண்டியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"எப்போ தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"வியாழக்கிழமை கத்திரியக் குடுத்து அனுப்பினேன்," என்றார் மாஸ்டர். குரலை உயர்த்தவில்லை. மெக்கானிக்குக் கேட்டது.

தங்கைதான் உயர்த்தினாள். ஆறு வாரமாக இந்த மனுஷன் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுச் சாப்பிட்ட சோற்றுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். "ஆஸ்பத்திரில சிரிச்சியே அண்ணே. எல்லாரையும் சிரிக்க வச்சியே." மெக்கானிக் குனிந்து டேங்கின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்.

கேபிளைக் கிளிப்பிலிருந்து விடுவித்து, வெளிப்பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டினார். பிடியை விரலால் தொட்டு ப்ளே பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவை என்பதால் விரலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்துத் தொட்டார், வலப்பக்கம் ஒடித்துத் தொட்டார். சரிதான் போலிருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ," என்றார் மாஸ்டர்.

பிடியின்மேல் கை வைக்கும் முன் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு இரண்டு விரல்களால் துணியின் நயம் பார்ப்பதுபோலத் தொட்டு அசைத்தார்.

"நேரா இருக்கும்போது இருக்கு. இடப்பக்கம் இருக்கு." வலப்பக்கம் ஒடித்தார். "இங்க கம்மி. ஒரு நூல்."

மெக்கானிக் திருகைத் தளர்த்தினார். மாஸ்டர் மறுபடி தொட்டுப் பார்த்தார். போதும் என்று சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட மச்சான் என்று கூப்பிடவில்லை.

உள்ளே போகும்போது வாசற்படியில் நின்று சொன்னார். "கத்திரிய நீ போய்க் கேட்டு வாங்கிட்டு வா. என்ன விஷயம்னு சொல்லிக் கேளு. அங்க எல்லாரும் என் கை போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

தையல் கடைக்கு இரண்டு தெரு. தெருவைக் கடக்கும்போது மெக்கானிக் இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்த்தார். கடையில் மூன்று தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கால்கள் அசைவது தெரிந்தது. பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் புதன்கிழமை போன் செய்தவர். கடைக்காரர் இல்லை. மேஜைக்குப் பின்னால் அந்தப் பெண் துணி விரித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் கத்திரி அவள் கைப்பக்கம், இன்னும் உறையைவிட்டு எடுக்காமல் இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள். மெல்லிய உதடுகள். காதுக்குள் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போலத் தலையாட்டினால் போதும். கத்திரி வேண்டுமென்று கையைக் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவாள். பெஞ்சிலிருந்தவர் அவரைப் பார்த்துச் சிரித்துக் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா," என்றார் மெக்கானிக். "எனக்குக் காது கேக்காது."