அத்தான் கழற்றிய மிக்ஸி

அத்தானுக்குக் கை சும்மா இருக்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் அழைப்பு மணியைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு வந்த மனிதர். பல் டாக்டரிடம் போனால், அங்கே ஆடுகிற நாற்காலிக்கு வைத்தியம் பார்த்த பிறகுதான் தன் பல்லைக் காட்டுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். அதற்காக நான் அவரை மெச்சுவதாக நினைக்க வேண்டாம். பாதி நாள் அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா தையல்காரி. புது மிக்ஸி வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "இதுக்கு கேரண்டி இருக்கு. நீங்க கையை வெச்சீங்க, நடக்கிறதே வேற." அடியில் திருகாணியின் மேல் கம்பெனி ஒட்டிய சீல் இருந்தது. அத்தானும் அதிசயமாக அடங்கிப் போனார்.

ஒரு காலையில் அக்கா ஸ்விட்சை அணைத்தாள், மூடியைத் திறந்தாள், ஓரத்தில் ஒட்டியதை வழிக்க விரலை விட்டாள். அணைத்த மிக்ஸி தானாகச் சுற்றியது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. இனி கத்தரிக்கோல் பிடிக்க வராது.

கம்பெனிக்கு எழுதினோம். 'வாடிக்கையாளரின் அஜாக்கிரதை' என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழாதவள் அதைப் படித்துவிட்டு அழுதாள். "ஊசியோட குடித்தனம் நடத்துறவ நான். நானா அஜாக்கிரதை? அந்த வார்த்தையை அவங்க திரும்ப எடுத்துக்கணும். எனக்கு அது போதும்."

நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். அவர் வீட்டுக்கே வந்தார். மிக்ஸியை மேலும் கீழும் போனில் படம் எடுத்தார். பிறகு அதை ஒரு பையில் போட்டுக் கட்டினார். "கோர்ட் சொல்ற ஆய்வகத்துக்குப் போற வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது. நமக்கு இருக்கிற ஒரே சாட்சி இதுதான்." சொல்லும்போது அத்தானைத்தான் பார்த்தார். அந்த ஆளோ அதற்குள் வக்கீலம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கி அதன் கால்களை முடுக்கிக்கொண்டிருந்தார்.

பை பரண் மேல் ஏறியது. வீட்டில் நிம்மதி போயிற்று. அத்தான் சாப்பிடும்போதும் பரணைப் பார்த்தார், செருப்பு மாட்டும்போதும் பரணைப் பார்த்தார். அக்கா தையல் மெஷின் முன்னால் போய் உட்காருவாள், உடனே எழுந்துவிடுவாள். ஒருநாள் ஆய்வகத்திலிருந்து வந்து பையை எடுத்துப் போனார்கள். அப்புறம் போன் அடித்தால் மூன்று பேரும் ஓடினோம்.

கடைசியில் அறிக்கை வந்தது. ஸ்விட்ச் நன்றாக வேலை செய்கிறது, அடியில் சீல் உடைந்திருக்கிறது.

அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதானே?"

"ஆமா."

"ஏன்?"

"ஆய்வகத்துலயும் ஒருத்தன் அதுக்குள்ள கையை விடுவான்ல? அவன் வீட்லயும் பொண்டாட்டி இருப்பா இல்ல? ஸ்விட்சுக்குள்ள தகடு ஒட்டிக்கிட்டிருந்துது, அணைச்சாலும் கரண்ட் பாயும். வேற ஸ்விட்ச் போட்டுட்டேன்." பழைய ஸ்விட்சை ஒரு டப்பாவிலிருந்து எடுத்து நீட்டினார். எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு? இருந்த ஒரே சாட்சியைக் கெடுத்துட்டீங்களே!" என்று நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவே இல்லை.

நுகர்வோர் கோர்ட்டில் கம்பெனி வக்கீல் நிதானமாக எழுந்தார். "சீல் உடைஞ்சிருக்கு. வீட்டுக்காரர் மெக்கானிக். விபத்துக்கு முன்னாடியே இவர் கழட்டி, இவராலயே அது கெட்டுப்போயிருக்கலாம். இல்லேன்னா அந்தம்மாவோட அஜாக்கிரதை. ரெண்டுல ஒண்ணு."

வக்கீலம்மா பதறிப்போய்ப் போனைத் துழாவினார். அதற்குள் அத்தான் எழுந்துவிட்டார்.

"ஆமாங்கய்யா. முன்னாடியே நான்தான் கழட்டினேன். தப்பு என்மேலதான். அவ ஜாக்கிரதையாத்தான் இருந்தா. அந்த வார்த்தையை மட்டும் எடுத்துருங்க."

பச்சைப் பொய். கம்பெனி வக்கீலின் முகம் மலர்ந்தது. இது ஊருக்குத் தெரிந்தால் அந்தக் கடைக்கு யார் ஒரு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வருவார்கள்?

அக்கா எழுந்தாள். "பொய் சொல்றார் ஐயா. நான் தொட விட்டதே இல்ல. எல்லாம் நடந்த அப்புறம்தான் திறந்தார்."

"நீ உக்காரு," என்று அத்தான் அவள் புடவையை இழுத்தார்.

"சும்மா இருங்க!" பல நாள் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. பிறகு கோர்ட் தலைவரைப் பார்த்தாள். "என் விரல்தான் போச்சு. இவர் கையையும் இந்தக் கம்பெனிக்குத் தூக்கிக் குடுக்க மாட்டேன். இவரைக் குத்தவாளி ஆக்கித்தான் எனக்கு நல்ல பேர் கிடைக்கணும்னா, எனக்கு இந்தக் கேஸே வேண்டாம்."

வக்கீலம்மாவுக்குப் படம் கிடைத்துவிட்டது. மிக்ஸியின் அடிப்பக்கம், முழுசாக ஒட்டிய சீல், விபத்துக்குப் பிந்தைய தேதி. தலைவர் போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"விபத்துக்கு அப்புறமும் சீல் உடையல. அப்போ முன்னாடி யாரும் திறக்கல. அந்தம்மா அஜாக்கிரதைங்கறதுக்கு உங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

கம்பெனி வக்கீல் தாள்களைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"அப்போ இனிமே அந்த வார்த்தை இங்க வேண்டாம்," என்றார் தலைவர். பழைய ஸ்விட்சைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். ஆனால் அது அந்த மிக்ஸியில் இருந்ததுதான் என்று இனி நாம்தான் நிரூபிக்க வேண்டும், ஜெயிப்போமா என்று சொல்ல முடியாது என்றார் வக்கீலம்மா. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெஞ்சின் ஒரு கால் ஆடியது. அத்தானின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

அக்கா அந்தக் கையைப் பிடித்தாள். நுனி இல்லாத விரல்களால் இறுக்கிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆடினா ஆடட்டும்," என்றாள்.

பெஞ்சு ஆடிக்கொண்டே இருந்தது. அத்தான் குனியவில்லை.