ஆணிக்கையனும் இரண்டு வாளித் தண்ணீரும்

அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் மேலே குடியிருந்தவர் அவர்தான். கடைசி மாடிக்கும் மேலே, மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. வாடகை கிடையாது. பதிலுக்கு லிஃப்ட் நின்றால் எந்த நேரமானாலும் இறங்கி வந்து சரிசெய்ய வேண்டும். அதனால் அவருக்கு ‘மேல்மாடி’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. “என்ன, மேல்மாடி காலியா?” என்று கேட்டுவிட்டுக் கேட்டவர்களே சிரித்துக்கொள்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கல்யாணப் பேச்சு பேச்சாகவே இருந்து வயது ஓடிவிட்டது. வேறு ஊரில் இருக்கும் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் பண்ணுவாள்.

“சாப்டியாண்ணா?”

“சாப்டேம்மா.”

“வேற?”

“வேற என்ன, லிஃப்ட் ஓடுது.”

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

மனிதர்களை அவர் முகம் பார்த்து அறிந்ததைவிட மோட்டாரின் சத்தத்தில் அறிந்ததுதான் அதிகம். லிஃப்ட் பெட்டிக்கு மறுபக்கம் ஓர் இரும்புப் பாரம் தொங்கும். ஒல்லியான ஆள் தனியாகக் கீழே இறங்கினால் மோட்டார் அந்தப் பாரத்தை இழுத்து மேலே ஏற்ற வேண்டும், முனகும். கனத்த ஆள் என்றால் முனகல் குறையும். மூன்றாம் மாடி டீச்சரம்மா கிளம்பிவிட்டார், ஐந்தாம் மாடிக் குடும்பம் மொத்தமாக எங்கோ புறப்படுகிறது என்று கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிடுவார். சொன்னால் கேட்கத்தான் அங்கே ஆளில்லை.

கட்டிலுக்கு அடியில் அடுக்கடுக்காகச் சித்திரக்கதைப் புத்தகங்கள். எல்லாம் ஆணிக்கையன் கதைகள். ஆணிக்கையன் பகலில் சாதாரணத் தச்சன். சட்டம் கண்ணை மூடிக்கொண்ட இடத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். கொடுமைக்காரனின் செருப்பைக் காலோடு சேர்த்துத் தரையோடு ஆணி அறைந்துவிட்டுப் போவான். காலையில் ஊரே கூடிச் சிரிக்கும். யார் செய்தது என்று எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கதையின் கடைசிக் கட்டத்திலும் அவன் ஒன்றும் அறியாதவன்போலத் தன் வாசலில் மரம் இழைத்துக்கொண்டிருப்பான். மேல்மாடி திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

புத்தகம் வாங்குவது தெருமுனையில் இருந்த பழைய புத்தகக் கடையில். கடைக்காரர் விற்பதைவிட வாதாடுவதில் சூரர்.

“யோவ் மேல்மாடி, இந்த ஆளை யாருய்யா கூப்பிட்டா? அடி வாங்கினவன் வந்து, ஐயா காப்பாத்துங்கன்னு கேட்டானா?”

“கேக்க முடியாதவனுக்குத்தானே அவன் வரான்.”

“சரி, தப்பான ஆளு கால்ல ஆணி அடிச்சுட்டா? திருப்பிப் புடுங்கிடுவானா?”

“அவன் தப்பே பண்ண மாட்டான்.”

“எப்படிப் பண்ணுவான்? படம் போடறவனே கெட்டவன் யாருன்னு மூஞ்சியில வரைஞ்சு அனுப்பிடறானே! தெருவுல போறவன் மூஞ்சியில அப்படியா வரைஞ்சிருக்கு? உன் மூஞ்சியவே எடுத்துக்க, பாத்தா பால் வடியுது. உள்ள என்ன இருக்கோ!”

“அப்ப ஆணிக்கையன் வில்லன்றீங்க.”

“வில்லனும் இல்ல. இப்ப இதுக்கு ஆன்டி ஹீரோன்னு ஒரு பேரு வச்சிருக்காங்க. மதில் மேல் பூனை. எந்தப் பக்கம் குதிக்கும்னு அதுக்கே தெரியாது.”

“எனக்கு அவன் ஹீரோதான்” என்பார் மேல்மாடி.

“இருந்துட்டுப் போகட்டும். அட்டையை மடக்காம எடுத்துட்டுப் போ.”

மேல்மாடியின் அறைக்கு என்று ஏறி வருகிற ஒரே மனித ஜீவன், கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா. அவரைவிடச் சின்னவள்தான். கட்டடமே அக்கா என்று கூப்பிட்டதால் அவரும் அப்படியே கூப்பிட்டார். “நான் உங்களுக்கு அக்கா, நீங்க எனக்கு அண்ணன். அப்ப நம்மள்ல யாருண்ணே சின்னவங்க?” என்று ஒருநாள் கேட்டாள். சாயங்காலம் மொட்டை மாடியைக் கூட்டுவதற்கு முன், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து அவர் போட்ட டீயைக் குடிப்பாள். டீயில் சர்க்கரை போதாது என்பதில் தொடங்கி, ஆறாம் மாடியில் நடந்த புருஷன் பெண்டாட்டி சண்டைவரை பேசித் தீர்ப்பாள். அந்த ஒரு வேளைக்காகத்தான் அவர் தலை வாரிக்கொண்டார்.

முட்டி வலியோடுதான் அவள் ஏறி வருவாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் போட்ட சட்டம்: வாளி, துடைப்பம், துடைக்கிற ஆள், எதுவும் லிஃப்ட்டில் ஏறக் கூடாது. ஒருநாள் வலி பொறுக்காமல் ஒன்பதாம் மாடியில் ஏறிவிட்டாள். ஏழாம் மாடியில் கதவு திறந்தது. எதிரே செயலாளர்.

“இறங்கு. இது மனுஷங்க போற லிஃப்ட்.”

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் படிப்பக்கம் போனாள். அதே மாடியில் கதவின் தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த மேல்மாடி, குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கிரீஸ் டப்பாவின் மூடியை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

மறுநாள் சாயங்காலம் செயலாளர் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் நேரம். மோட்டார் அறைப் பலகையில், அவர் குடியிருக்கும் ஏழாம் மாடியின் விளக்கு எரிந்தது. பெட்டி கீழே இறங்கத் தொடங்கியது. முனகல் இல்லை, கனத்த ஆள், தனி ஆள். மேல்மாடி மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். பிரேக் ‘டப்’பென்று கவ்வியது. இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி தொங்கியது. உடனே அபாய மணி அடிக்கத் தொடங்கியது, விடாமல், அழுகிற பிள்ளைபோல. அவர் ஒரு டீ போட்டு, ஆற்றி, குடித்து முடித்தார். அப்புறம்தான் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். செயலாளர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. “இந்தக் கட்டடத்துல இத்தனை பேர் இருக்கோம். ரோஷம் அந்த இரும்புப் பெட்டிக்குத்தான் வந்திருக்கு பாருங்கண்ணே!”

நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆணிக்கையன் சொல்ல மாட்டானே. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மறுவாரம் ஒருமுறை. அதற்கடுத்து இன்னொரு முறை. அந்தத் தடவை, மின்சாரம் போனாலும் பெட்டிக்குள் எரியும் சின்ன விளக்கின் ஒயரையும் கழற்றிவைத்தார். அந்த ஆள் கொஞ்ச நேரம் இருட்டையும் பார்க்கட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்தபோது தன் உடம்பு லேசாகிப் போனதையும் கவனித்தார்.

நாலாவது தடவை, அதே நேரம், அதே ஏழாம் மாடி விளக்கு. பெட்டி இறங்கியது. முனகல் இல்லை. சுவிட்சை இறக்கினார். மணி ஒருமுறை அடித்தது. இன்னொருமுறை, சின்னதாக. பிறகு நின்றுவிட்டது.

டீக்குத் தண்ணீர் வைத்தவர் அடுப்பைப் பார்த்தபடி நின்றார். செயலாளர் மணியை விடுகிற ஆள் இல்லையே. மயக்கம் போட்டுவிட்டாரோ? அடுப்பை அணைத்துவிட்டுப் படியில் ஓடினார். ஏழாம் மாடியில், லிஃப்ட் கதவுக்கு முன்னால், நடைப்பயிற்சிச் செருப்போடு செயலாளர் நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க... உள்ள இல்லையா?”

“நான் ஏன்யா போறேன்? மூணு தடவை மாட்டினது போதாதா? யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டு, நாலு நாளா அவளைத்தான் முதல்ல அனுப்பறேன். அவ நல்லபடியா கீழ போய்ச் சேந்தா அப்புறம் நான் போவேன். இன்னிக்குப் பாரு, மாட்டிக்கிச்சு. நல்லவேளை நான் ஏறல!”

“எவளை?”

கேட்கும்போதே தெரிந்துவிட்டது. தாழ்வாரத்தில் வாளியை விட்டுவிட்டுப் போனால் அதற்கும் ஏச்சு விழும். அவள் இரண்டு வாளி அழுக்குத் தண்ணீரோடுதான் ஏறியிருப்பாள். ஒரு ஒல்லிப் பெண்ணும் இரண்டு வாளித் தண்ணீரும் சேர்ந்தால், மோட்டாருக்கு ஒரு செயலாளர்.

திரும்ப மேலே ஓடி, சக்கரத்தைச் சுற்றி, மறுபடி கீழே ஓடிக் கதவைத் திறந்தபோது அவள் மூலையில் குந்தியிருந்தாள். வாளிகள் கவிழ்ந்து தரையெல்லாம் தண்ணீர். துணியெல்லாம் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்தபிறகுதான் மூச்சே உள்ளே போனதுபோல் ஓர் இழுப்பு இழுத்தாள்.

“விளக்குகூட எரியலண்ணே... நல்லவேளை, நீங்க இருந்தீங்க.”

கூடியிருந்தவர்களில் யாரோ கை தட்டினார்கள். “மேல்மாடி ஓடின ஓட்டத்தைப் பாத்தீங்களா? ஹீரோங்க இவரு!” என்றார் ஐந்தாம் மாடிக்காரர். மேல்மாடியின் தோளில் ஒரு தட்டும் விழுந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே புகழுமல்லவா இடம் மாறி வந்து விழுகிறது. அவர் குனிந்து, கவிழ்ந்த வாளிகளை நிமிர்த்திவைத்தார்.

இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளும் விளக்கின் ஒயரைத் திரும்பப் பொருத்துவது, கழன்றுவிடுமோ என்று போய்ப் பார்ப்பது, இதே வேலையாக இருந்தார். அவளிடம் சொல்லாவிட்டால் டீ குடிக்க வருவாள். சொன்னால் வர மாட்டாள். கணக்கு அவ்வளவு எளிமையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தவளிடம், டம்ளரைக் கொடுத்த கையோடு சொல்லிவிட்டார். நாலு தடவையையும் சொன்னார். விளக்கையும் சொன்னார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எனக்காகவா பண்ணீங்க?”

“உனக்காகத்தான்.”

“நான் கேட்டேனா?”

அவர் டீப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார்.

“அந்த ஆளு இறங்குன்னு சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? ‘முட்டி வலி, வரட்டும் விடுங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுதே. அதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு?”

“எனக்கு வாய் வராதும்மா.”

“உங்களுக்கு வாய் வரலன்னு எனக்கு மூச்சு வரல.”

“நான் சங்கத்துல போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. உங்களுக்கு இருக்கற இடம் போகும். எனக்கு? ‘இவளுக்காக அவன் எதுக்குப் பண்ணான்’னு ஆரம்பிப்பாங்க. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசாம இருங்க. இல்ல, பேசித்தான் ஆகணும்னா நான் லிஃப்ட்ல போறதைப் பத்திப் பேசுங்க. உங்க மூஞ்சியைக் காட்டி.”

டீயை அவள் குடிக்கவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். “மேல்மாடி எழுந்திருச்சிடுச்சு, தூணைப் பிடிச்சுக்குங்க!” என்று ஒருவர் சொல்ல, கூடம் சிரித்தது. அவர் கை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“துடைக்கிற அக்கா... லிஃப்ட்ல போகணும். முட்டி வலி அவங்களுக்கு. வாளியோடதான் போகணும். அவ்வளவுதான்.”

“நின்னு நின்னு போற லிஃப்ட்டுக்கு இவ்வளவு கிராக்கியா?” என்றார் செயலாளர்.

“போகட்டுமே. இத்தனை நாளா போகக் கூடாதுன்னு இருந்ததே எனக்குத் தெரியாதே!” என்றார் டீச்சரம்மா. சில கைகள் உயர்ந்தன. கை தூக்காதவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்து தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவுதானா? இவ்வளவுக்குத்தானா? மேல்மாடி உட்கார மறந்து நின்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் கீழ்த்தளத்தில் அவளுக்காகக் காத்திருந்து, லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “கேட்டுட்டேன். இனிமே நீ இதுலயே போகலாம்.”

அவள் உள்ளே பார்த்தாள். வெளிச்சமான, துடைத்த, காலிப் பெட்டி. வாளிக் கைப்பிடியில் அவள் விரல்கள் வெளுத்தன.

“நல்லதுண்ணே” என்றாள். அதில் கோபம் இல்லை. “நீங்க போங்க. நான் படியில வரேன்.”

அதற்குப் பிறகும் அவள் லிஃப்ட்டில் ஏறவில்லை. டீக்கும் வரவில்லை, “வேலை கிடக்குண்ணே” என்பாள். ஒருநாள் அவர் புத்தகக் கடையில் நின்று, “உள்ள மாட்டிக்கிட்டவங்க கதை ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

“யாருய்யா அது?”

“ஹீரோ அடிக்கும்போது பக்கத்துல நின்னவங்க.”

கடைக்காரர் வாதாடக் காத்திருந்தவர்போல வாயைத் திறந்தார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “அதை எவன் வரையறான்?” என்று மட்டும் சொன்னார்.

இப்போதெல்லாம் மோட்டாரைவிடப் படிதான் அவர் காதில் கேட்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வாளி தரையில் வைக்கப்படும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி சத்தம். ஒரு சாயங்காலம் பொறுக்காமல் இறங்கிப் போனார். நாலாம் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து நின்றவள் அவரைப் பார்த்தாள். அவர் ஒரு வாளியை எடுத்துக்கொண்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் நின்ற இடத்தில் நின்று, ஏறும்போது ஏறி, மொட்டை மாடிவரை வந்தார்கள். அங்கே அவர் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள்.

“கதவைச் சாத்திக்குங்கண்ணே. தூசி வரும்.”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே அவள் கூட்டத் தொடங்கினாள்.