வடிவு வீட்டு உத்திரம்

செவிலிமேட்டில் பழைய வீட்டு மரம் வேண்டுமென்றால் வடிவிடம்தான் போக வேண்டும். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், தூண் என்று வாங்கி வந்து அடுக்கி வைத்திருப்பாள். விலை படிவது அவள் மனசைப் பொறுத்தது. குறுக்கு மரம் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் முதலில் ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் இதற்கு என்ன பேர்? தூலம் என்றால் நெசவுக்காரத் தெலுங்கு வீடு, விட்டம் என்றால் தெற்கத்தி ஆள் என்று சட்டென்று அடித்துவிடுவாள். பாதி தப்பாகத்தான் இருக்கும். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்!

உத்திரம் என்று எவராவது சொல்லிவிட்டால் போச்சு, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவாள். ஒரு தமிழ் வாத்தியார் சொன்னதாம்: தூலம் என்பது துலா, அதாவது தராசுக் கோல்; உத்திரம் வந்தது உத்தரம் என்கிற வடசொல்லிலிருந்து, மேலே இருப்பது என்று அர்த்தம். இதைச் சொல்லும்போதே வடிவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் பிறந்த குடிசையில் மேலே இருந்தது மூங்கில்தான். உத்திரம் என்ற பேச்செல்லாம் கூரம் கிராமத்துப் பெரிய வீட்டோடு சரி. அவள் அம்மா பொன்னி அந்த வீட்டு வாசலில் காலமெல்லாம் நெல் புடைத்தவள். உள்ளே விட்டதில்லை. கூடத்து உத்திரத்தில் யாளி இருக்கிறதாம், கிளி இருக்கிறதாம் என்று காதால் கேட்டதுதான். பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தாள். வடிவுக்கு அது இன்னும் ஆறவில்லை.

போன வருடம் அந்த வீட்டை இடித்தார்கள். முதல் ஆளாக லாரியோடு போய் உத்திரத்தை வாங்கி வந்தாள் வடிவு. பார்த்தால் யாளியும் இல்லை, கிளியும் இல்லை. ஓரத்தில் ஒரு தாமரை, அவ்வளவுதான். இருக்கட்டும், என் புது வீட்டுக் கூடத்தில் ஏற்றியே தீருவேன் என்று நின்றாள். கான்கிரீட்டுக்குக் கீழே தாங்க ஒன்றுமில்லாத மரம் எதற்கு என்று ஜான்சன் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை காலம் தாங்கியது போதும், சும்மா இருக்கட்டும் என்றாள்.

ஏற்றுகிற அன்று உத்திரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, தேங்காயைக் கையில் எடுத்த நேரத்தில் பெரிய வீட்டுப் பேரன் ராஜகோபால் காரில் வந்து இறங்கினார். தாத்தா வீட்டு உத்திரம் தனக்கு வேண்டும், என்ன விலையானாலும் சரி என்றார். வடிவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விற்பதற்கில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னாள். அவர் சண்டை போடவில்லை. முகம்தான் வாடிப்போனது.

"ஏத்துறதையாவது பாத்துட்டுப் போறேம்மா. இங்க வாசல்லயே நின்னுக்கறேன்."

வடிவு தேங்காயைக் கீழே வைத்தாள்.

"அங்க நின்னா தெரியாதுபா. எங்கம்மா காலம் பூரா அங்கதான் நின்னுக்கினு இருந்தாங்க. ஒண்ணும் தெரில. செருப்ப கழட்டிட்டு உள்ள வா."

ராஜகோபால் உள்ளே வந்தார். இழுக்க ஆள் போதவில்லை என்று ஜான்சன் கயிற்றை அவர் கையிலும் திணித்தார். மூச்சுப் பிடித்து இழுக்க இழுக்க உத்திரம் மேலே போய் உட்கார்ந்தது.

வடிவு அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் பொன்னியிடம் சொன்னாள்.

"யாளியெல்லாம் இல்லம்மா. தாமரைதான்."